ஜெர்மனியில் எந்த ஊரில் குடியேறுவது? அடிக்கடி வரும் கேள்விகள்

ஜெர்மனிக்கு வேலைக்கோ படிப்புக்கோ கிளம்புகிறவர்கள் விசா பற்றிக் கேட்டு முடித்ததும் அடுத்துக் கேட்பது ஊரைப் பற்றித்தான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறோம். வரிக் கணக்குகள் 2025ஆம் ஆண்டு விகிதப்படி போடப்பட்டவை.

ஜெர்மனில எந்த ஊருங்க நல்ல ஊரு? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொல்ல வழியில்லை. லண்டனையும் பாரிசையும் போல நாட்டையே விழுங்கி நிற்கும் நகரம் ஜெர்மனியில் கிடையாது. தலைநகர் பெர்லின், வங்கிகள் ஃபிராங்க்ஃபர்ட்டில், கார் தொழில் ஸ்டுட்கார்ட்டிலும் மியூனிக்கிலும் வொல்ஃப்ஸ்பர்க்கிலும், துறைமுகம் ஹாம்பர்க்கில், சிப் தொழிற்சாலைகள் டிரெஸ்டனில், மென்பொருளில் பெரிய பெயரான எஸ்ஏபி வால்டோர்ஃப் என்ற சின்ன ஊரில். அதனால் பலருக்கு ஊரை வேலையே முடிவு செய்துவிடுகிறது. உங்கள் கையில் மிஞ்சுவது, அந்த வேலையிடத்தைச் சுற்றி 40 நிமிடத்துக்குள் எங்கே வீடு பார்ப்பது என்பதுதான். இந்தப் பக்கத்தில் பாதி அதைப் பற்றியதே.

மியூனிக்ல 75,000 யூரோ, லைப்சிக்ல 62,000 யூரோ. கண்ணை மூடிட்டு மியூனிக் போயிடலாம்ல?

கண்ணைத் திறந்து கணக்கு போடுங்கள். வருமான வரியும் காப்பீட்டுப் பிடித்தங்களும் நாடு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். தனி ஆள், முதலாம் வரி வகுப்பு என்றால் 75,000க்கு மாதம் சுமார் 3,800 யூரோ கைக்கு வரும். 62,000க்கு சுமார் 3,200. ஆண்டுக்கு 13,000 என்று பெரிதாகத் தெரிந்தது மாதம் 600ஆகச் சுருங்கிவிட்டது.

இனி வாடகை. மியூனிக்கில் புதிதாக வாடகைக்கு வரும் வீடுகள் சதுர மீட்டருக்கு 20 யூரோவைத் தாண்டிவிட்டன, லைப்சிக்கில் ஏறக்குறைய அதில் பாதி. 50 சதுர மீட்டர் வீட்டுக்கு மட்டும் மாதம் 500 யூரோவுக்கு மேல் வித்தியாசம் வரும். தனி ஆளுக்கு இரண்டு ஊரும் சமம் என்றே சொல்லலாம். குடும்பத்தோடு வந்து 80 சதுர மீட்டர் தேடினால் வித்தியாசம் 800ஐத் தாண்டும், அப்போது லைப்சிக்தான் லாபம். ஆனால் அந்த வேலை போனால் அடுத்த வேலை எங்கே என்று பார்த்தால் தராசு மறுபடி மியூனிக் பக்கம் சாயும். அங்கே அதே துறையில் நாலு கதவு தட்டலாம்.

லைப்சிக் போன்ற கிழக்கு ஊர்களில் சம்பளம் குறைவாக வந்தால் இன்னொன்றையும் பாருங்கள். புளூ கார்டுக்கான (உயர்கல்வி பெற்ற வெளிநாட்டவருக்குத் தரும் வேலை அனுமதி) குறைந்தபட்ச சம்பள வரம்பு நாடு முழுக்க ஒன்றுதான்: 2025இல் 48,300 யூரோ, ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுதோறும் ஏறும். ஊரில் விலைவாசி மலிவு என்பதற்காக அந்த வரம்பில் சலுகை கிடையாது.

விளம்பரத்துல கால்ட், வார்ம்னு ரெண்டு வாடகை போட்டிருக்கே, எதைக் கட்டணும்?

இரண்டாவதை. கால்ட் என்பது சுவருக்கும் கூரைக்கும் மட்டுமான வாடகை. அதோடு தண்ணீர், குப்பை, மாடிப்படி விளக்கு, வெப்பமூட்டல் எல்லாம் சேர்ந்தால் வார்ம். ஒரு விளம்பரத்தைப் பிரித்துப் பார்ப்போம்: "2 ட்ஸிம்மர், 58 ச.மீ., கால்ட் 870, நேபன்கோஸ்டன் 130, ஹைட்சுங் 90, கௌட்ஸியோன் 2,610." இரண்டு ட்ஸிம்மர் என்றால் ஒரு ஹால், ஒரு படுக்கையறை. சமையலறையும் குளியலறையும் எண்ணிக்கையில் சேராது. நேபன்கோஸ்டன் என்பது தண்ணீர், குப்பை போன்ற செலவு, ஹைட்சுங் என்பது வெப்பமூட்டல். மாதம் கட்ட வேண்டியது 870, 130, 90 மூன்றும் சேர்த்து 1,090. வீட்டு மின்சாரம், இணையம், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் மூன்றும் இதற்கு வெளியே. கௌட்ஸியோன் என்பது அட்வான்ஸ். சட்டப்படி மூன்று மாத கால்ட் வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது ஆறுதல்.

வார்ம் வாடகை கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பல வீட்டுக்காரர்கள் விண்ணப்பத்தைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மேலே சொன்ன வீட்டுக்குச் சுமார் 3,300 கைக்கு வர வேண்டும்.

விளம்பரத்தில் 'ஐன்பௌகூஷெ' என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால்தான் சமையலறை உண்டு. இல்லையென்றால் கதவைத் திறந்ததும் தெரிவது வெறும் சுவர், மூடி போட்ட இரண்டு தண்ணீர்க் குழாய், அடுப்புக்கான மின் இணைப்புப் பெட்டி. சிங்க் கிடையாது, அலமாரி கிடையாது. கூரையில் விளக்குக்குப் பதில் இரண்டு ஒயர் தொங்கும். அடுப்பு, சிங்க், அலமாரி, குளிர்பெட்டி எல்லாம் வாங்கிப் பொருத்த ஆயிரக்கணக்கில் ஆகும். முன்பு குடியிருந்தவர் தன் சமையலறையை விலைக்கு விட்டுப் போவதும் வழக்கம். விலை பேசலாம்.

சென்னைல இருந்தே வீடு பிடிச்சுட்டு வந்துடலாமா?

நீண்ட கால வீட்டை அப்படிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று சொல்பவர் எல்லாரும் மோசடிக்காரர். வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் இல்லாமல் அட்வான்ஸ் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். தரகருக்கும் நீங்கள் அமர்த்தினால்தான் கூலி. வீட்டுக்காரர் அமர்த்திய தரகருக்கு வீட்டுக்காரரே கொடுக்க வேண்டும் என்பது 2015 முதல் சட்டம்.

நடைமுறையில் எடுபடும் வழி: இரண்டு மூன்று மாதத்துக்குச் சாமான்களோடு கூடிய தற்காலிக வீடு. எடுக்கும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "இந்த முகவரியில் அன்மெல்டுங் செய்யலாமா?" குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். பதிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வரும். அது வராவிட்டால் சில நிறுவனங்கள் மிக அதிகமாகப் பிடிக்கும் ஆறாம் வரி வகுப்பில் வரியைப் பிடித்துவிடும். பிறகு திரும்பக் கிடைக்கும் என்றாலும் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து நெஞ்சு பதறும்.

முகவரி பதியும் படிவத்தில் மதம் கேட்கும் கட்டம் ஒன்று இருக்கும். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று எழுதினால் தேவாலய வரி பிடிப்பார்கள்: பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பெர்க்கிலும் வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9.

ஆபீஸ் இருக்கிற ஊர்லயே குடியிருக்கணுமா?

வேண்டியதில்லை. ஊரைத் தேர்ந்தெடுப்பதைவிட ரயில் பாதையைத் தேர்ந்தெடுங்கள். அலுவலகத்துக்கு அருகிலுள்ள நிலையம் எது, அங்கே எந்த எஸ்-பான் (நகரையும் சுற்றுப்புற ஊர்களையும் இணைக்கும் ரயில்) நிற்கிறது, அதே பாதையில் மறுபக்கம் எந்தெந்த ஊர் என்று பார்த்தால் தேடும் வட்டம் தானாக விரியும். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ஓஃபன்பாக், ஹானௌ, டார்ம்ஸ்டட், மைன்ஸ். ஸ்டுட்கார்ட்டுக்கு எஸ்லிங்கன், லுட்விக்ஸ்பர்க், பெப்லிங்கன். வால்டோர்ஃபுக்கு ஹைடல்பெர்க், கார்ல்ஸ்ரூ. எர்லாங்கனில் வேலை என்றால் நியூரம்பெர்க், ஃபியூர்த். நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களில் ஏறலாம் என்ற டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023இல் மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கியது, 2025இல் 58 ஆனது, 2026இல் 63. அதிவேக ஐசிஇ ரயிலில் இது செல்லாது. ஔக்ஸ்பர்க்கிலிருந்து மியூனிக் அரை மணிதான் என்பார்கள். அது ஐசிஇ கணக்கு. வட்டார ரயிலுக்குக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை முடிவு செய்யும் முன் ரயில் செயலியில் செவ்வாய்க்கிழமை காலை 7:45க்குக் கிளம்புவதாகப் போட்டு, வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். இரவு 11 மணிக்குத் திரும்புவதாகவும் ஒருமுறை போடுங்கள். மணிக்கு ஒரு ரயில்தான் என்றால் அது இப்போதே தெரியட்டும். ஒரு எச்சரிக்கை: மியூனிக்கில் ஏறக்குறைய எல்லா எஸ்-பான் பாதைகளும் நகர நடுவில் ஒரே சுரங்கம் வழியாகத்தான் போகின்றன. அங்கே ஒரு சிக்னல் பழுதானால் மொத்த ஊரும் நிற்கும். ஊ-பான் (மெட்ரோ) நிலையமும் அருகில் இருக்கும் வீடு அதனால்தான் விலை ஏறுகிறது.

எனக்கு ஜெர்மன் சுத்தமா வராது. அப்போ பெர்லின்தானா?

பெர்லினில் ஆங்கிலத்திலேயே நடக்கும் நிறுவனங்கள் அதிகம். கடையிலும் உணவகத்திலும் ஆங்கிலம் செல்லும். ஆனால் வீட்டு ஒப்பந்தம், மின்சார நிறுவனத்தின் கடிதம், பள்ளி அறிவிப்பு எல்லாம் எந்த ஊரிலும் ஜெர்மனில்தான் வரும். பெர்லினுக்கு வந்து ஐந்து ஆண்டாகியும் ஏ1 (ஜெர்மன் மொழித் தேர்வின் முதல் படி; பி1 மூன்றாம் படி) தாண்டாதவர்கள் நிறையப் பேர், காரணம் தேவையே வரவில்லை. அதற்கு ஒரு விலை உண்டு. புளூ கார்டில் இருப்பவர் பி1 முடித்தால் 21 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்கலாம், ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். குடியுரிமைக்கு பி1 கட்டாயம்.

கார் இல்லாம சமாளிக்க முடியுமா?

பெர்லின், ஹாம்பர்க், மியூனிக், ஃபிராங்க்ஃபர்ட், கொலோன், லைப்சிக் ஆகியவற்றில் தாராளமாக முடியும். தொழிற்சாலை ஊர்களிலும், எஸ்-பான் தொடாத கிராமங்களிலும் ஷிஃப்ட் வேலை என்றால் கஷ்டம்.

இதில் பலர் சறுக்கும் இடம் லைசென்ஸ். இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமங்கள் குடியேறியதிலிருந்து 6 மாதம்தான் செல்லும். அதன் பிறகு எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். உரிமம் உள்ளவருக்குக் கட்டாயப் பயிற்சி வகுப்புகள் இல்லை, ஆனால் வலது பக்கச் சாலைக்குப் பழகப் பயிற்சி எடுக்காமல் தேறுவது அரிது. கட்டணங்களோடு சேர்த்து ஆயிரம் இரண்டாயிரம் யூரோவை ஒதுக்கிவையுங்கள். கார் இல்லாமல் முடியாத ஊரில் மலிவு வாடகை என்று பார்ப்பவர்கள் இந்தச் செலவையும் கார் காப்பீட்டையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள்.

பையனுக்கு ரெண்டு வயசு. குழந்தைகள் காப்பகத்துக்கு எந்த ஊர் நல்லது?

ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் கீட்டாவில் (குழந்தைகள் காப்பகம்) இடம் என்பது 2013 முதல் சட்ட உரிமை. சட்டத்தில் இருக்கும் இடம் தெருவில் இருக்காது. பெரிய ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும், அதனால் முகவரி பதிந்த வாரத்திலேயே விண்ணப்பியுங்கள்.

கட்டணத்தில்தான் மாநிலத்துக்கு மாநிலம் மலையும் மடுவும். பெர்லினில் கட்டணமே இல்லை, சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோ. ஹாம்பர்க்கில் நாளுக்கு 5 மணி நேரம் மதிய உணவோடு இலவசம். ஹெஸ்ஸனில் மூன்று வயதிலிருந்து நாளுக்கு 6 மணி நேரம் இலவசம். ரைன்லாண்ட்-ஃபால்ட்ஸில் இரண்டு வயதிலிருந்தே கட்டணம் கிடையாது. நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் பள்ளிக்கு முந்தைய இரண்டு ஆண்டு இலவசம். ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை, இரண்டு வயதுக் குழந்தை என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரைன்லாண்ட்-ஃபால்ட்ஸில் இருக்கும் மைன்ஸைப் பாருங்கள். எஸ்-பான் நேராகப் போகிறது.

பொண்ணு மூணாவது படிக்கிறா. ஸ்கூலுக்காக ஊரை மாத்தி யோசிக்கணுமா?

இந்த வயதுக்குக் கட்டாயம் யோசிக்க வேண்டும். பள்ளிக்கல்வி முழுக்க மாநிலங்கள் கையில். பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப்பள்ளி நாலாம் வகுப்போடு முடிந்து பிள்ளைகள் பிரிகிறார்கள், பல்கலைக்கழகத்துக்கு நேராக இட்டுச்செல்லும் ஜிம்னாசியம் ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். பவேரியாவில் நாலாம் வகுப்பில் ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறவியல் மூன்றின் சராசரி 2.33 அல்லது அதைவிட மேலாக இருந்தால்தான் ஜிம்னாசியத்துக்குப் பரிந்துரை. அங்கே எண் குறையக் குறைய மதிப்பெண் உயர்வு. ஜெர்மனே தெரியாமல் மூன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைக்கு ஒன்றரை ஆண்டில் அதை எட்டுவது பெரும்பாடு.

பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்பு வரை. கூடுதலாக இரண்டு ஆண்டு கிடைக்கிறது. எட்டு ஒன்பது வயதுக் குழந்தையோடு வருபவருக்கு பெர்லினைச் சொல்ல இதைவிட நல்ல காரணம் இல்லை. நாலு வயதில் வரும் குழந்தைக்கு இந்தக் கவலையே வேண்டாம், கீட்டாவிலேயே மொழி ஒட்டிக்கொள்ளும். பிற மாநிலத்தில் ஜிம்னாசியம் தவறினாலும் பிறகு மாறும் பாதைகள் உண்டு, சுற்று வழி, அவ்வளவுதான்.

எனக்கு வேலை கிடைச்சாச்சு. வீட்டுக்காரிக்கும் வேலை கிடைக்கிற ஊர் எது?

புளூ கார்டுக்காரரின் துணைக்கு வந்த நாளிலிருந்து எந்த வேலையும் செய்ய அனுமதி உண்டு. விசாவுக்கு ஏ1 சான்றும் தேவையில்லை. தடையாக நிற்பது மொழியும் ஊரின் அளவும்தான். ஒற்றைக் கம்பெனி ஊர்களில் அந்தக் கம்பெனியில் கிடைக்காவிட்டால் வேறு வழி குறைவு. ஃபிராங்க்ஃபர்ட்–மைன்ஸ்–டார்ம்ஸ்டட் வட்டாரமும், கொலோன்–டுசல்டோர்ஃப்–எஸ்ஸன் வட்டாரமும் இரட்டைச் சம்பளக் குடும்பங்களுக்கு வசதி. நடுவில் வீடு எடுத்தால் இருவரும் எதிரெதிர்த் திசையில் ரயில் ஏறலாம். துணைவர் மருத்துவர் அல்லது செவிலியர் என்றால் சான்றிதழை அங்கீகரிப்பது மாநில அலுவலகம். அங்கே விண்ணப்பம் போட்ட பிறகு மாநிலம் மாறினால் நடைமுறை சிக்கலாகும், ஆகவே அவருடைய மாநிலத்தை முதலில் முடிவு செய்யுங்கள்.

நான் படிக்க வர்றேன். ஊர் முக்கியமா, யூனிவர்சிட்டி முக்கியமா?

முடக்கக் கணக்கில் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் எடுக்கும் வங்கிக் கணக்கு) காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. எந்த ஊருக்கும் இதே தொகை. இதை வைத்து கெம்னிட்ஸிலோ மாக்டபர்க்கிலோ மாதம் ஓட்டலாம். மியூனிக்கில் அறை வாடகைக்கே பெரும்பகுதி போய்விடும். அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாகக் கல்விக் கட்டணம் இல்லை என்றாலும், பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து 2,000 முதல் 6,000 வரை வாங்குகிறது.

பகுதிநேர வேலைக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. படிப்போடு சேர்ந்த 'வெர்க்ஷ்டுடன்ட்' வேலை பெரிய கம்பெனிகள் உள்ள ஊரில்தான் எளிது. மாணவர் விடுதிக்கு, சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள்.

கிழக்கு ஜெர்மனி பக்கம் போகாதேங்கிறாங்க. நிஜமாவே ஆபத்தா?

மழுப்பாமல் சொல்கிறோம். வெளிநாட்டவர் குடியேற்றத்தை எதிர்க்கும் ஏஎஃப்டி கட்சி 2024இல் தூரிங்கன் மாநிலத் தேர்தலில் முதலிடம் பிடித்தது, சாக்சனியில் இரண்டாமிடம். அது காற்றில் தெரியும். ஆனால் மாநிலம் வேறு, தெரு வேறு. லைப்சிக்கின் மாணவர் பகுதிகளிலும், யேனா பல்கலைக்கழகத்தைச் சுற்றியும், டிரெஸ்டனின் நொய்ஷ்டட்டிலும் பல நாட்டவர் சாதாரணமாக வாழ்கிறார்கள். பேருந்து குறைந்த சிற்றூர்களில், நம்மைப் போன்ற முகமே பார்க்காத இடங்களில் உற்றுப் பார்ப்பதும் முணுமுணுப்பதும் அதிகம். மேற்கிலும் இது இல்லாமல் இல்லை.

வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதே நிறுவனத்தில் வேலை செய்யும் இந்தியர் ஒருவரைப் பேசக் கேளுங்கள். அவர் எந்தப் பகுதியில் குடியிருக்கிறார், ஏன் என்று கேட்டாலே விவரம் வந்துவிடும்.

கோயில், தமிழ்ப் பள்ளி, இட்லி அரிசி எல்லாம் எங்க கிடைக்கும்?

அரிசியும் பருப்பும் பெரிய ஊர் எல்லாவற்றிலும் கிடைக்கும். தமிழர் அடர்த்தி என்று பார்த்தால் ஈழத்தமிழர் 1980களிலிருந்து குடியேறிய நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலன்தான் முதலில் வரும். ஹம் நகரின் யூன்ட்ரோப்பில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு நாடு முழுக்க இருந்து ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். வார இறுதித் தமிழ் வகுப்புகள் நடத்தும் தமிழாலயங்கள் பல ஊர்களில் உண்டு. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இருப்பதும், வயதான பெற்றோரை அழைத்து வருபவர்களுக்குச் சின்ன விஷயமில்லை.

வானிலை எந்த ஊர்ல பரவாயில்ல?

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை எங்கேயும் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. டிசம்பரில் ஹாம்பர்க்கில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். மியூனிக்கில் பனி அதிகம், வெயில் நாட்களும் அதிகம். ரைன் ஆற்றோர ஊர்கள் மிதம். இதற்காக ஊரை மாற்றுவதைவிட நல்ல கோட்டும், தெற்கு பார்த்த சன்னலும் வாங்கினால் போதும்.

விசா நீட்டிக்கிற ஆபீஸ் ஊருக்கு ஊர் வேற மாதிரியாமே?

ஆமாம். சட்டம் ஒன்று, வேகம் வேறு. எந்த அலுவலகம் என்பதை அலுவலக முகவரி அல்ல, வீட்டு முகவரி முடிவு செய்கிறது. பெருநகரத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே பல மாதம் ஆகலாம், பக்கத்து மாவட்ட அலுவலகத்தில் சில வாரத்தில் முடியலாம். ரயில் பாதையைப் பார்த்து வீடு தேடும்போது மாவட்ட எல்லையையும் பாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். எந்த ஊரானாலும் பழைய விசா முடியும் முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதற்கான மின்னஞ்சல் ஒப்புகையை அழித்துவிடாதீர்கள்.

போன பிறகு ஊர் பிடிக்கலைன்னா மாட்டிக்குவேனா?

புளூ கார்டு ஒரு ஊரோடு கட்டிப்போடாது. வேலையை மாற்றாமல் வீட்டை மட்டும் மாற்றினால் புது முகவரியைப் பதிந்தால் போதும். முதல் 12 மாதத்துக்குள் வேலையும் மாறினால் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 30 நாள் வரை நிறுத்தி வைத்துச் சரிபார்க்கலாம்.

மாட்டிக்கொள்வது வாடகை ஒப்பந்தத்தில்தான். குடியிருப்பவர் மூன்று மாத முன்னறிவிப்போடு எப்போது வேண்டுமானாலும் காலி செய்யலாம், ஆனால் மின்னஞ்சல் செல்லாது, கையெழுத்திட்ட கடிதம் மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும். நாலாம் வேலை நாளில் போய்ச் சேர்ந்தால் ஒரு மாத வாடகை கூடுதல். ஒப்பந்தத்தில் 'கியுன்டிகுங்ஸ்ஃபெர்ட்சிஷ்ட்' என்ற சொல் தென்பட்டால், குறிப்பிட்ட காலத்துக்குக் காலி செய்ய மாட்டேன் என்று நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள் என்று பொருள். நான்கு ஆண்டு வரை அப்படிப் போட முடியும். புது ஊரில் முதல் வீட்டுக்கு அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள், ஓராண்டுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். சாவி வாங்கும் நாளிலேயே மின்சார, வெந்நீர் மீட்டர் எண்களையும் சுவரில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டையையும் படம் எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும் என்பது அந்தப் படங்களைப் பொறுத்தது. மீதி கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், எனவே அடுத்த ஊரின் அட்வான்ஸை அந்தப் பணத்தை நம்பித் திட்டமிட வேண்டாம்.